தர்ஷினியின் விடைத்தாள்

செவ்வாய், இரவு. ஈப்போ, மலேசியா.

தூக்கம் வரவில்லை. இன்று ஐந்தாம் படிவ வகுப்பில் ஒரு கவிதையை அலசினோம். நகரத்தில் வாடகை அறை தேடி அலையும் ஓர் ஏழைக் கறுப்பினத்தவரின் கவிதை. முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார்.

தர்ஷினி எழுந்து, "இப்பலாம் கதவு வரைக்கும் போகவே வேணாம் டீச்சர். மெசேஜ்ல பேரைப் பார்த்ததுமே வீடு போயிருச்சின்னு சொல்லிருவாங்க லா," என்றாள். அதையே எழுது என்றேன்.

எழுதினாள். ஆயர் தாவார் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தபோது, இந்தியர் என்பதால் யாரும் வீடு தரவில்லையாம். அம்மாவோடு வேலை செய்யும் சீன அக்காவின் பெயரில் ஃபிளாட் எடுத்தார்களாம். அங்கே குடியிருப்பது இவர்கள் என்று வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாதாம்.

இப்படி ஒரு விளக்கத்தை நான் படித்ததில்லை. அந்தப் பெருமையில், பெயரை மட்டும் மறைத்து, தாளைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதில் ஒரு தகப்பன் வீட்டுத் தரகர் என்பது நினைவிலேயே இல்லை.

மாலையில் அவர் கேட்டார்: "இது எந்த ஃபிளாட்டு டீச்சர்?"

உடனே படத்தை அழித்தேன். தர்ஷினியிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

இப்போது அவர் எனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறார்: "அழிச்சிட்டீங்க போல. பரவால்ல டீச்சர், நான் சேவ் பண்ணி வெச்சிருக்கேன்."