வாசுதேவநல்லூர் தாண்டி

ஜூலை 19, சனி

விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. நாளை ஸ்ரீவில்லிபுத்தூர்–அம்பாசமுத்திரம்–ஸ்ரீவி., 210 கி.மீ., எட்டு மணி நேரத்துக்குள். எங்கள் கிளப்பிலிருந்து ஆறு பேர். நாலு பேராவது சேர்ந்து வந்தால்தான் மெடல்.

எடுக்க: டியூப் 2, பம்பு, கடலை மிட்டாய், உப்பு, ஆதார் ஜெராக்ஸ்.

சாயங்காலம் செல்வின் வந்தான். ஒன்பது வருஷம் முன்பு இந்த கிளப்பை ஆரம்பித்ததே நாங்கள் இருவர்தான். அவனுக்கு பேண்டேஜ் கம்பெனியில் வேலை, நான் மில்லில் எலக்ட்ரீஷியன். நாளை ஆராதனைக்கு வர முடியாது என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டானாம். முகம் வாடியிருந்தது.

"ரெண்டு நாளா வயிறு சரியில்லலே. காலைல சரியாயிரும்."

சரியாகிவிடும்.

ஜூலை 20, ஞாயிறு

வந்துவிட்டோம். 7 மணி 54 நிமிஷம்.

தூக்கம் வரவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை ஐந்துக்குக் கிளம்பினோம். தென்காசி வரை எதிர்க்காற்று. ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போனோம். முன்னால் போகிறவர்தான் காற்றையெல்லாம் வாங்க வேண்டும். செல்வின் தன் முறை முடிந்தும் நகரவில்லை. என் முறையையும் அவனே ஓட்டினான்.

திரும்பும்போது காற்று முதுகில். புளியங்குடி தாண்டியதும் செல்வின் பின்தங்கினான். இரண்டு தடவை வேகத்தைக் குறைத்தோம். வாசுதேவநல்லூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இறங்கி வாந்தி எடுத்தான்.

"போங்கலே. செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்."

கவிதா, பேங்க்கில் வேலை பார்க்கிறவள், மணியைப் பார்த்தாள். "நின்னா எட்டு மணி நேரம் தாண்டிரும்ணே."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கேப்டன் நான். நாலு பேர் போதும். மீதி ஒருவர் அவனோடு தங்கியிருக்கலாம். நான் தங்கியிருக்கலாம். தோன்றாமல் இல்லை, அப்போதே தோன்றியது.

"மெதுவா வா செல்வின்" என்றேன். மிதித்தேன்.

ஸ்ரீவி.யில் கழுத்தில் மாலை, போட்டோ, பால்கோவா. போன் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது செல்வினிடமிருந்து நாலு மிஸ்டு கால்.

ஜூலை 21, திங்கள்

வெயில். மில்லுக்கு லீவு.

செல்வின் ஆஸ்பத்திரியில். குளுக்கோஸ் ஏறுகிறது. அவன் மனைவி மெர்சி போனில் சொன்னது: ரோட்டோரம் மயங்கிக் கிடந்தானாம். ஆடு மேய்க்கும் ஒருவர் தண்ணீர் தெளித்து, அவன் போனை வாங்கி இவளுக்குப் பேசியிருக்கிறார். சைக்கிளை டெம்போவில் ஏற்றி வந்திருக்கிறார்கள்.

"இப்ப வராதீங்கண்ணே. அவிய தூங்குதாவ." குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

கிளப் குரூப்பில் போட்டோக்கள். 61 லைக்.

ஜூலை 23, புதன்

குரூப்பிலிருந்து செல்வின் விலகிவிட்டான். ஒரு வார்த்தை எழுதவில்லை.

மாலை அவன் வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சு அரைக் கிலோ. கட்டிலில் சாய்ந்திருந்தான், கன்னம் ஒட்டிப்போய். மெர்சி நாற்காலி போட்டாள்.

"தப்புதான்லே" என்றேன்.

"நாந்தானே போகச் சொன்னேன்."

"இருந்தாலும்..."

"நீ போனது பெருசில்ல, மாரி. கொஞ்ச தூரம் போயி திரும்பிப் பாத்தே. நான் கையத் தூக்கினேன். நிப்பாட்டச் சொல்லித்தான் தூக்கினேன். நீயும் கையத் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டே."

டாட்டா காட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். சொன்னேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கையாக இல்லை.

"சரி, வீட்டுக்குப் போ. நான் படுக்கணும்."

வீட்டில் என் மனைவியிடம் சொல்லவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மேகமூட்டம். காலை ஐந்து மணிக்குக் கவிதா போன். "வாரியளாண்ணே?" முட்டு வலி என்றேன். பொய்.

ஒன்பதரைக்கு சர்ச்சுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். ஆராதனை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. வெள்ளைச் சட்டையில் செல்வின் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தான், பக்கத்தில் மெர்சி. ரோட்டைக் கடந்து போனேன். என்னைப் பார்த்துவிட்டான். மெர்சி குனிந்து அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் பின்னால் ஏறி உட்காரும் வரை ஸ்கூட்டரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு கிளம்பிவிட்டான்.