அப்பா தூங்குவதற்கு ஒரு எஞ்சின்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தமிழினிக்கு,

அம்மா எழுதுவது. பட்டறையில் நீ பேசாமல் நின்றிருக்கலாமே அம்மா, எதற்காக வாயைத் திறந்தாய் என்று முந்தாநாள் போனில் கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று முதலிலேயே எழுதிவிட்டு மற்றதற்கு வருகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம். அப்பாவுக்கு பிரஷர் இறங்கியிருக்கிறது, எனக்கு முழங்கால் வலி படியேறும்போது மட்டும்தான். உன் சளி விட்டதா, இன்னும் ஈரத் தலையோடு வெளியே போகிறாயா என்பதற்கெல்லாம் நீதான் பதில் எழுத வேண்டும். போனில் நான் நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறாய், உண்மைதான், போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வருகிறது, அதனால் இதை எழுதிக் கூரியர் பொட்டலத்தில் வைக்கிறேன். வேர்க்கடலை உருண்டைக்கு அடியில் இருக்கும், எண்ணெய் படாமல் எடு.

நீ ஹாம்பர்க் போன பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். போன வருஷம் நாக்பூர் தாண்டிப் பட்டப்பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அப்பா கண் அசந்து லாரி டிவைடரில் ஏறியதும், யாருக்கும் அடிபடாமல் தப்பித்ததும் தெரியும். அதற்குப் பிறகுதான் வேலூரில் டாக்டர் அம்மா அவரை ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்து, இது வெறும் குறட்டை இல்லை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இனிமேல் மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றுத் தள்ளும் மெஷினோடுதான் தூங்க வேண்டும், மெஷின் இல்லாமல் தூங்கி எழுந்த அன்று வண்டியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வீட்டில் அது நடந்தது. மாசத்தில் பாதிக்கு மேல் லாரியில் தூங்குகிறவர் என்ன செய்வார். குளிர்காலத்தில் லாரி பேட்டரியிலேயே மெஷின் ஓடியது. வெயில் ஆரம்பித்ததும் கேபின் அடுப்பு மாதிரி ஆகிவிட்டது, வியர்வையில் மாஸ்க் வழுக்கிக்கொண்டு வரும், இவர் கழற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்குவார். கேபினுக்குச் சின்னதாக ஒரு ஏ.சி. மாட்டினார்கள், அது பேட்டரியை மொத்தமாகக் குடித்துவிட்டது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பக்கத்து லாரியிலிருந்து ஒயர் போட்டு உசுப்பினார்களாம். நீயும் நானும் சொன்னது ஒன்றுதான், லாரியை விற்றுவிடுங்கள். வித்துட்டு இன்னா பண்றது, உன் ஸ்கூல் கேட்டுல வாட்ச்மேனா உக்காரட்டுமா என்று அப்பா என்னைக் கேட்டார். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். அவரே ஒரு ஜெனரேட்டர் செய்து லாரியில் மாட்டுவது, அது சரிவரவில்லை என்றால் ஆடி பிறப்பதற்குள் லாரியைக் கொடுத்துவிடுவது. நான் உடனே சரி என்றேன். அது சரிவராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததால்தான் சரி என்றேன்.

திமிரியில் உன் கோதண்டபாணி மாமா கொல்லையில் ஒரு சின்ன டீசல் எஞ்சின் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா, கரண்ட் மோட்டார் வந்த பிறகு கோழி முட்டையிடும் இடமாக ஆகிவிட்டதே, அதுதான். ஓடாத பஸ்ஸிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டர் ஒன்றை அதோடு பெல்ட்டில் கோத்து, அது சுற்றித் தரும் கரண்டைத் தனி பேட்டரியில் சேர்த்து, அதிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஏ.சி.க்கும் மெஷினுக்கும் கொடுப்பது என்று ஏற்பாடு. பைபாஸ் ரோட்டில் வேலாயுதம் பட்டறையில்தான் வேலை நடந்தது. அப்பாவோடு இத்தனை வருஷமாக மாறி மாறி வண்டி ஓட்டுகிற சத்தார் அண்ணனும் கூடவே இருந்தார். எனக்கு தோஸ்த்தும் முக்கியம் பாபி, காதும் முக்கியம், இவரு குறட்டைக்குப் பக்கத்துல படுத்துப் படுத்து ஒரு பக்கம் காது கம்மியா பூட்ச்சி என்றார். நான் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். எஞ்சின் புகை கேபினுக்குள் வந்தால் தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. புகைக்குழாயை லாரியின் பின்பக்கம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகச் சொன்னேன், ரப்பரில் தொங்கவிட்டு அப்படியே செய்தார்கள். விஷப்புகை வந்தால் கத்துகிற, நீ அனுப்பிய அலாரத்தை அவர் தலைக்கு நேரே மாட்டச் சொல்லிக் கொடுத்தேன்.

தரையில் வைத்து ஓட்டியபோது நன்றாக ஓடியது. லாரியில் போல்ட் போட்டு இறுக்கியதும் கேபினே கிடுகிடுவென்று ஆடியது, இதில் படுத்தால் பல் கொட்டிவிடும் என்று சத்தார் அண்ணன் இறங்கிவிட்டார். நம் ஊரில் எது ஆடினாலும் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். நம் வீட்டு கிரைண்டருக்கு அடியில் தோல், கட்டில் காலுக்கு அடியில் தோல், ஸ்கூலில் என் மேஜைக்கு அடியிலும் தோல். சத்தார் அண்ணனே ஒரு ஷூ கம்பெனியில் சொல்லி அடித்தோல் துண்டுகள் வாங்கிவந்தார், தடியாக, மரப்பலகை மாதிரி. எஞ்சினுக்கு அடியில் அடுக்கடுக்காக வைத்து, போல்டுக்கு மேலும் கீழும் தோல் வாஷர் வெட்டிப் போட்டு, போல்டு நுழைகிற ஓட்டைக்குள்ளும் தோலைச் சுருட்டிச் செருகினார்கள். ஆட்டம் அடங்கிவிட்டது. ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. எஞ்சின் ஓடுகிறது, ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது, மீட்டர் முள் படுத்தே கிடக்கிறது. ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் பார்த்தார்கள், வேறு ஒன்று கொண்டுவந்து மாட்டினார்கள், பெல்ட்டை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அப்பா வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. லாரியை வாங்குவதற்காக ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு டயரைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு வரும்போது பட்டறையில் இறங்கினேன், அப்பா போனை எடுக்கவில்லை என்பதற்காக. வேலாயுதம் லாரிச் சட்டத்தில் கடப்பாரையை ஊன்றி, எஞ்சின் மேல் பொருத்தியிருந்த ஆல்டர்னேட்டரை நெம்பி பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வேறு வேலை இல்லாததால் மீட்டரைப் பார்த்தேன். கடப்பாரை உள்ளே இருக்கும்போது முள் எழுந்தது. எடுத்ததும் விழுந்தது. மறுபடி நெம்பினார், மறுபடி எழுந்தது. வருஷா வருஷம் நான் கரும்பலகையில் போடுகிற படம்தான், போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டும். லாரியில் போவதற்குத்தான் ஒயர், திரும்பி வருவதற்கு லாரியின் இரும்புச் சட்டமே வழி. இவர்கள் கரண்ட் போகாத தோலை வைத்து எஞ்சினை அந்தச் சட்டத்திலிருந்து முழுசாகப் பிரித்துவிட்டார்கள், கடப்பாரைதான் இரண்டையும் தொட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் சொல்லாவிட்டால் லாரி போய்விடும், நீயும் நானும் கேட்டது நடந்துவிடும். நான் பேசாமல்தான் நின்றேன், வேலாயுதம் ஒரு டீ குடித்து முடிக்கிறவரை. அப்பா ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்து பனியன் துணியால் கை கிரீஸை விரல் விரலாகத் துடைத்தார். இனிமேல் வேலை இல்லை என்கிற மாதிரி துடைத்தார். அப்போதுதான் சொன்னேன்.

"எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் தடியா ஒரு ஒயர் போடுங்க."

வேலாயுதம் என்னைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். டீச்சர், இத்தினி வருஷமா வண்டிக்கு ஒயரிங் பண்றேன், நானே தோலை வெச்சு நானே எர்த்தைக் கட் பண்ணிக்கினேன், வெளிய சொல்லிடாதீங்க என்றார். அதற்குள் சத்தார் அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். ஒயர் போட்டதும் முள் எழுந்தது, எழுந்தபடியே நின்றது. தோல் அப்படியே இருக்கிறது, ஆட்டமும் இல்லை. சாமி படத்துக்கு வைத்திருந்த பூவை எடுத்து வேலாயுதம் எஞ்சினுக்குப் போட்டார், எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். அப்பா கேபின் கதவைத் திறந்து, ஏறு என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் படுக்கிற இடத்தை நான் பார்த்ததில்லை. வெளியே ரோட்டில் அனல் பறக்கிறது, உள்ளே முகத்தில் சில்லென்று காற்று, தலைமாட்டில் மெஷினின் பச்சை விளக்கு, நீ ஏழாவது படிக்கும்போது எடுத்த போட்டோ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கூலில் ரிசல்ட் வரும்போதுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை, சத்தார் அண்ணன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், கேட்காதே. வெள்ளிக்கிழமை நம் தெருவிலேயே லாரியை நிறுத்தி அப்பா அதில் தூங்கினார், மெஷின் காட்டிய கணக்கைப் பார்த்து டாக்டர் அம்மா போய் வரச் சொல்லிவிட்டார்.

இன்று விடியற்காலை தோல் லோடு ஏற்றிக்கொண்டு கான்பூர் கிளம்பிவிட்டார்கள். தெருவில் ஓடியது ரோட்டிலும் ஓடும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. பெல்ட் அறுகலாம், ஒயர் கழன்று போகலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், வெள்ளிக்கிழமை ராத்திரி தெருவில் அந்த எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டபோது நான் தோற்றுப்போன மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழித்துப் படிக்காதே, தூக்கத்தை இளப்பமாக நினைக்காதே. அப்பாவுக்கு அனுப்பிய மாதிரி ஓர் அலாரம் வாங்கி உன் அறையிலும் மாட்டு, அங்கே ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஹீட்டர் போடுகிறீர்கள், மறக்காதே. நீ எங்கே இருந்தாலும் தைரியமாக, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மாமா வீட்டிலும் உன்னைக் கேட்டார்கள்.

உன் அம்மா,
ஹேமலதா.

திங்கட்கிழமை. கூரியர் கடை நேற்று மூடியிருந்ததால் இதையும் சேர்க்கிறேன். காலையில் முதல் பீரியடுக்குப் போகும் நேரத்தில் போன் வந்தது, அப்பா நம்பரிலிருந்து இல்லை, சத்தார் அண்ணன். சாக்பீஸை ஜன்னலில் வைத்துவிட்டு எடுத்தேன். ஐதராபாத் தாண்டி நிறுத்தியிருக்கிறார்கள், எஞ்சின் நிற்காமல் ஓடியிருக்கிறது, பின்னால் அது ஓடும் சத்தம் எனக்கும் கேட்டது. இவருக்குக் குறட்டையே இல்லை பாபி, சத்தமே இல்லாததால எனக்குத்தான் பேஜாரா பூட்ச்சி, மூச்சு வருதான்னு எந்திரிச்சி எந்திரிச்சிப் பார்த்தேன், இன்னும் தூங்கினே இருக்காரு, லோடு லேட்டாவுது, எழுப்பட்டுமா என்றார். எழுப்ப வேண்டாம் என்றேன்.