சித்தூர் கை, திருப்பதி கை

ஜூலை 4, திங்கள்
வெயில். காற்றே இல்லை. காலையிலிருந்தே இடுப்பு வலி. மூன்றாம் பாடத்தின் நடுவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டரும்.

அவர் தெலுங்கு வகுப்பு, நான் தமிழ் வகுப்பு. ஒரே அறை, ஒரே கரும்பலகை. நடுவில் குறுக்குக் கோடு; மேலே அவர், கீழே நான்.

“நிக்கவே முடியலை கதா, டீச்சரம்மா. மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா ராஜினாமா எழுதிக் குடுங்க. தமிழ்ப் பிள்ளைங்களை என் வகுப்புலயே சேத்துக்கறேன்.”

இருபத்திரண்டு பிள்ளைகள். எந்த ஊர் தெலுங்குப் பக்கம், எந்த ஊர் தமிழ்ப் பக்கம் என்று எல்லைத் தகராறு, பேப்பரில் தினமும் அடிதடி. வடமாலபேட்டையில் தமிழ் வகுப்பே இல்லை என்றாகிவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள்? எழுத மாட்டேன்.

ஜூலை 5
வீட்டுக்காரர்: “புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக்கினு வந்துடேன்.” எலும்பு ஒடிந்தால்தானே கட்டு.
வாங்க: மண்ணெண்ணெய், சாக்கட்டி, புளி.

ஜூலை 9, சனி
சித்தூர். பஸ்ஸில் புத்தலப்பட்டு வரை நின்றே போனேன். கைரோபிராக்டர் என்று போர்டு. மலாயாவில் கற்றவராம். முதுகெலும்பில் ஒன்று நழுவி நரம்பை அழுத்துகிறது, அதைத் தள்ளிவிட்டால் மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும் என்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. குப்புறப் படுக்கவைத்து ஒரே அழுத்து. படக்.
“இன்னாம்மா, சத்தம் கேட்டுச்சா? போச்சு.”
உண்மையாகவே போயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் சர்ச் ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 13, புதன்
தூறல். போன வலி வந்துவிட்டது. வாய்ப்பாடு எழுதக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. ராஜினாமாவை ஹெ.மா. தாமே எழுதி என் மேசையில் வைத்திருக்கிறார். கையெழுத்து மட்டும் பாக்கியாம். என்ன தாராள மனசு. அந்தத் தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கழித்தல் போட்டுக் காட்டினேன்.

ஜூலை 16, சனி
திருப்பதி. இவர் ஆஸ்டியோபத். முக்கால் மணி நேரம் வலிக்கிற இடத்தைத் தொடவே இல்லை. எலும்பு, சதை, மூட்டு, ரத்த ஓட்டம் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது, ஒன்றை மட்டும் தட்டிப் பயனில்லை என்கிறார். தொடை, விலா, கழுத்து. மெதுவாக இழுத்து, மடக்கி, அமுக்கி. சத்தம் வராதது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“நாளெல்லாம் எப்படி நிப்பீங்க? செஞ்சி காமிங்க.”
சுவரில் எழுதிக் காட்டினேன்.
“இன்னாத்துக்கு இவ்ளோ குனிஞ்சிக்கினு எழுதறீங்க?”
“மேல் பாதி ஹெட்மாஸ்டருது.”
கையைத் துடைத்துக்கொண்டார். “அப்போ என்னால ஒண்ணும் ஆவாது. சித்தூர்க்காரராலயும் ஆவாது.”

சித்தூர்: ஐந்து நிமிடம், படக், நாலு நாள் சுகம்.
திருப்பதி: முக்கால் மணி, ஒரு கேள்வி.
இரண்டு பேரையும் குறை சொல்ல மாட்டேன். கேள்விக்கு மட்டும் ஒரு மார்க் கூட.

எரிச்சல் என்மேல்தான். அந்தக் கோட்டை யார் போட்டது? மூன்று வருடத்துக்கு முன், பெரியவர் மேலே எழுதட்டும் என்று மரியாதைக்கு நானே போட்டது.

ஜூலை 18, திங்கள்
மழை விட்டிருந்தது. மணி அடிக்குமுன் போய்ப் பலகை முழுவதையும் துடைத்தேன். மேலிருந்து கீழாக ஒரு கோடு, அளவுகோல் வைத்து. இடது அவருக்கு, வலது எனக்கு. கையெழுத்தில்லாத ராஜினாமாத் தாளை அவர் மேசையில் வைத்தேன், கழித்தல் கணக்கு மேலே தெரியும்படி.

ஹெ.மா. வந்து பலகையைப் பார்த்தார். “பாதி இடத்துல எழுதினா சீக்கிரம் கீழே வந்துடும். நான் குனியணும் கதா.”
“ஆமாங்க சார். வலிச்சா சொல்லுங்க. சித்தூர்ல ஒருத்தர், திருப்பதில ஒருத்தர் இருக்காங்க.”

சாக்கட்டியை எடுத்தேன். மேலே இருந்து ஆரம்பித்தேன்.