தேனுவைப் பற்றி நான் இங்கிலீஷில் பேசிய பேச்சு

அன்புள்ள மாப்ளே,

முதலில் என் மானம் போன கதையைக் கேள். அன்றைக்கு ஜீப்பில் மலைக்கு ஏறும்போது போனில் இங்கிலீஷ் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டேன் போல. போனுக்குள் இருக்கிற பெண்குரல், "வெரி குட், யூ ஆர் அமேசிங்" என்றது. நானும் வாய் தவறி, "தேங்க்யூ மேடம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஏலக்காய் எடுக்க வருகிற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாருண்ணே அந்த மேடம்? வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ராசிங்காபுரத்து முருகாயி. எஸ்டேட் வந்து சேரும்வரை சிரிப்பு அடங்கவில்லை. சூப்பர்வைசர் என்று எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

இந்த வயதில் இந்தச் சோலி எதற்கு என்பாய். ஆரம்பித்து வைத்ததே நீதானே? குரங்கணிக்கு மலையேற வருகிறவர்களை ஏற்றி இறக்கியே இங்கிலீஷ் பிடித்தவன் நீ. "மச்சான், ஏறும்போது வளைவுக்கு ஒரு வார்த்தை. இறங்கும்போது அதே வார்த்தைய வச்சு ஒரு வாக்கியம்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாடம் நடத்துவாய். 'டிட்' வந்தால் பின்னால் 'கோ'தான் வரும், 'வெண்ட்' வராது என்பது, பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்ட எனக்குப் போடிமெட்டு வளைவில்தான் புரிந்தது. இப்போது ஜீப்பை வேறு ஆள் ஓட்டுகிறார். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிற ரகம். அதனால்தான் போனை நம்பிக் கிடக்கிறேன்.

சேதி இதுதான். உன் அக்கா மகள் தேனுவுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. பெங்களூரில் கூட வேலை பார்க்கிற பையன், புனேக்காரன். ஒருதரம் வீட்டுக்கு வந்திருந்தான். உங்க அக்கா வைத்த கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு "சூப்பர்" என்றான். எங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது.

அவனுடைய அப்பா அம்மா போனில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றார்கள். அவர்கள் பாஷை நமக்குத் தெரியாது, நம் பாஷை அவர்களுக்குத் தெரியாது. இங்கிலீஷ்தான் பொது. இந்தப் பேச்சில் முதலில் வாய் திறக்க வேண்டியது தாய்மாமன். நீ இல்லை. கல்யாணப் பெண்ணையே பக்கத்தில் உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்ல முடியுமா? "நானே பேசுறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். உங்க அக்கா எழுந்து போனாள். சாமி படத்துக்கு ஒரு விளக்கைக் கூடுதலாக ஏற்றினாள்.

சவுக்கியம் விசாரிக்கிற வரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு அந்த அம்மா, "உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். நம்மூரில் என்ன சொல்வோம்? "அவ சின்னப் பிள்ளைங்க, ஒண்ணும் தெரியாது, நீங்கதான் பாத்துக்கிரணும்" என்போம். அதைத்தான் நானும் சொன்னேன். "ஷி நோ நத்திங், மேடம். நோ குக்கிங். நோ ரெஸ்பான்சிபிலிட்டி. யூ ஒன்லி அட்ஜஸ்ட்."

பதிலுக்கு அவர்கள், "அதெல்லாம் எங்க பொண்ணு மாதிரி பாத்துக்கிருவோம்" என்று சொல்லுவார்கள் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஓகே, பிறகு பேசுவோம்" என்று வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் தேனு போன் பண்ணினாள். குரலே சரியில்லை. "என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க? பெத்த அப்பாவே பொறுப்பில்லாத பொண்ணுன்னு சொல்றாரே, எதையாவது மறைக்கிறாங்களான்னு அவங்கம்மா கேக்குறாங்க."

"நம்ம பக்கம் அப்பிடித்தானே தாயி சொல்லுவாக?"

"அவங்க நம்ம பக்கம் இல்லப்பா! யோசிக்கணும்னு சொல்லிட்டாங்க. நான் பேசினா எடுபடாது. நீங்களே சரி பண்ணுங்க."

அந்த வாரம் பூராவும் ஜீப்பில் ஒரே பாடம்தான். பிரேவ், ஹானஸ்ட், ஹார்ட்வொர்க்கிங். ஒவ்வொரு வார்த்தைக்கும் முருகாயி அர்த்தம் கேட்பாள். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். "இதெல்லாம் எல்லாரு பிள்ளைக்கும் சொல்லலாம்ணே. நம்ம தேனு என்ன செஞ்சுச்சுங்கிறதச் சொல்லு." நியாயமாகத்தான் பட்டது.

மறுபடி புனேவுக்குப் போன் போட்டேன். மனப்பாடம் பண்ணியதெல்லாம் மறந்துபோனது. வாயில் வந்தது மாப்ளே, உன் கதை. நீ நெஞ்சுவலியோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெளியே நடந்தது உனக்குத் தெரியாதில்லையா? டாக்டர் வந்து இங்கிலீஷில் கடகடவென்று சொன்னார். நான் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். பெங்களூரிலிருந்து பஸ்சில் வந்து இறங்கியிருந்த தேனுவுக்கு மட்டும்தான் புரிந்தது, நீ பிழைக்க மாட்டாய் என்று. பிள்ளை முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எல்லோருக்கும் இட்லி வாங்கி வந்து, உங்க அக்காவை உட்கார வைத்து ஊட்டிவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அதன் பிறகுதான் சொன்னாள்.

இதை நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? "டாக்டர் டெல் இங்கிலீஷ். மீ நோ அண்டர்ஸ்டாண்ட். ஷி அண்டர்ஸ்டாண்ட். ஷி நோ க்ரை. ஃபர்ஸ்ட் ஷி கிவ் அஸ் ஃபுட். தென் ஷி டெல்." நீ சொல்லிக்கொடுத்த இலக்கணம் ஒன்றுகூட அதில் இல்லை. பொறுத்துக்கொள்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவர் வீட்டுக்காரர், "நாங்கள் எப்போது போடிக்கு வரலாம்?" என்று கேட்டார். ரயில் இருக்கிறது, எந்த நாளும் வரலாம் என்றேன்.

ராத்திரி தேனு கூப்பிட்டாள். "எல்லாம் சொன்னாங்கப்பா. நீங்க அதெல்லாம் கவனிச்சீங்களா? இங்கிலீஷ்ல அவங்ககிட்டச் சொன்னத என்கிட்ட ஒருதரம் தமிழ்ல சொல்லுங்க."

"போ தாயி, வெரசா சாப்பிட்டுப் படு" என்று வைத்துவிட்டேன். ஊராரிடம் உடைந்த இங்கிலீஷில் வருகிறது, பெற்ற பிள்ளையிடம் சொந்த பாஷையில் வர மாட்டேன் என்கிறதே, இது என்ன நோய் மாப்ளே?

முகூர்த்தத்துக்கு முன்னால் அவளிடம் தமிழிலேயே சொல்லிவிடுவேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இப்போதைக்கு உன்னிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன். "அன்னைக்கு நீ பக்கத்துல நின்னதாலதான் தாயி, உன் மாமன அனுப்பி வைக்கிற தெம்பு எனக்கு வந்துச்சு."

இப்படிக்கு,
உன் இடத்தில் நின்று பேசிய
உன் அக்கா புருஷன்