நான் நேராக்கிய கண்

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காரர்கள் இரண்டாம் முறை கூடியபோது எடுத்த குரூப் போட்டோவை நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் போனைக் கீழே வைக்கப் போனேன். அதற்குள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. நம்மோடு படித்து, இப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் பேக்கரி வைத்திருக்கிறானே, அவன்தான். "மச்சி, எல்லாரும் சூப்பரா கீறோம். அவன் ஒருத்தன்தான் இல்ல. இப்போதான் ஏஐல செத்துப்போனவங்களகூட சேக்கறாங்களே, நம்ம ஆளையும் என் பக்கத்துல நிக்க வச்சிடு. நீதான் இதுல கில்லாடியாச்சே."

நம்ம ஆள் என்று உன்னைச் சொல்கிறான். கில்லாடி என்று என்னைச் சொல்கிறான். நீ போய்ப் பத்து மாதமாகிறது. இதை எழுதி எங்கே அனுப்புவது என்று தெரியாது. ஆனாலும் உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. உனக்கு ஒரு கண் வெளிப்பக்கமாக ஒதுங்கியிருக்கும், அதனால் எல்லோருக்கும் நீ 'ஒண்ணரை'. கணக்கு வாத்தியார்கூட, "என்னப் பாக்கறியா, ஜன்னலப் பாக்கறியா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைப்பார். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் மட்டும் ஒருநாளும் உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. இப்போது ஒளிப்பானேன், நிறையவே இருந்தது.

படிப்பு முடிந்து நான் வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வேலைக்குப் போனேன். நீ உன் அப்பாவின் செருப்புக் கடையில் உட்கார்ந்தாய். "இதான்டா எனக்கு ஏத்த யாவாரம். யார் மூஞ்சியும் பாக்க வாணாம். கால பாத்துக்கினு இருந்தா போதும்" என்பாய். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தாய். வந்தவர் நின்றபடி கேட்பார், நீ குனிந்தபடி பதில் சொல்வாய். வாசற்படி ஏறும் காலைப் பார்த்தே ஏழா எட்டா என்று சொல்லிவிடுவாய். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் நேரே உன் கடைக்குத்தான் வருவேன். எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. டீ வரும். அப்போதுதான் நீ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பேசத் தொடங்குவாய்.

பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்ததை நடித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? "பொண்ணோட மாமா இன்னா தொழில்னு கேக்கறாரு. நான் அவரத்தான்டா பாத்து சொல்றேன். அவரு திரும்பி, பின்னால யாரு நிக்கறாங்கன்னு தேடறாரு." எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நாலைந்து இடம் அப்படியே தட்டிப்போனது. பிறகு நீ பெண் பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டாய். அம்மாவும் நீயும் மட்டும்தான் வீட்டில். அந்தக் கதையை நீ எத்தனை தடவை சொன்னாலும் நான் சிரித்தேன். ஒரு தடவையாவது சிரிக்காமல் கேட்டிருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் நம் வகுப்புக்காரர்கள் முதல்முதலாகக் கூடினோம், கல்யாண மண்டபம் பிடித்து, பிரியாணி போட்டு. கேமரா வந்தாலே உன் தலை கவிழ்ந்துவிடும், அன்றைக்கும் அப்படித்தான். ஆளாளுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள், நீ அடுத்தவன் தோளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாய். கடைசியில் குரூப் போட்டோ எடுக்க நான் போனைத் தூக்கினேன். "டேய், நான்தான் எடுக்கறேன், நிமிந்து நில்றா" என்றேன். நிமிர்ந்தாய். நேராக என்னைப் பார்த்தாய். பதினொரு தடவை எடுத்தேன்.

ராத்திரி வரை பொறுக்கவில்லை, திரும்பி வரும் பஸ்ஸிலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் புதிதாக அந்த ஏஐ ஆப் போட்டிருந்தேன். பத்துப் படம் கொடுத்தால் ஆளுக்கொரு நல்ல முகமாகப் பொறுக்கி ஒரே படமாக்கித் தரும். மூடின கண்ணைத் திறந்துவிடும். சரிசெய்ய வேண்டிய முகங்களுக்கு அதுவே வட்டம் போட்டுக் காட்டியது. கண் மூடியிருந்த பேக்கரிக்காரனுக்கு ஒரு வட்டம், உனக்கு ஒரு வட்டம். இரண்டையும் விரலால் தொட்டேன். அவன் கண் திறந்தது. உன் கண் நேரானது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உனக்கு ஒரு நல்லது செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். மற்ற படங்களை அழித்துவிடலாமா என்று ஆப் கேட்டது. என் போனில் எப்போதும் இடம் இருக்காது. எடிட் செய்ததை வைத்துக்கொண்டு ஒரிஜினலை அழிப்பது என் வழக்கம். சரி என்று அழுத்தினேன்.

மறுநாள் கடையில் உன்னிடம் காட்டினேன். நீ இரண்டு விரலால் உன் முகத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாய். "யார்ரா இவன், எனக்கு தம்பி மாரி கீறான்" என்றாய். நான் சிரித்தேன். "நல்லாத்தான் கீது, வுடு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாய். டீ வந்தது, குடித்தோம். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசும்போதும் செருப்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே பேசினாய். கடையில் வேலை கூடிவிட்டது போல என்று நான் இருந்துவிட்டேன்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு மத்தியானம், கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பதாம் நாள் ஓதி முடிந்த மறுநாள் உன் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

உங்கள் வீட்டுச் சுவரில் ஆள் படம் மாட்டுகிற வழக்கமில்லை. பள்ளிவாசல் காலண்டர் ஒன்றுதான் தொங்கும். "மாட்டறதுக்கில்லபா. ஒருதரம் அவன் மூஞ்சிய பாக்கணும். ஆதார் கார்டுல கரி பூசினமாரி கீது. அவன் போன தொறந்தா முழுக்க செருப்பாவே கீது" என்றார்கள். நான் உடனே அந்தக் குரூப் போட்டோவை எடுத்து, உன்னைப் பெரிதாக்கி, அவர்கள் கையில் கொடுத்தேன். அம்மா அதைக் கண்ணுக்கு வெகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"யாருபா இது?"

"உங்க புள்ளதாம்மா."

"சட்ட அவனுது. கண்ணு அவனுது இல்லியே. பொறந்தன்னிக்கி மடியில போட்டப்போ அந்தக் கண்ணதான் நான் மொதல்ல பாத்தேன்."

"வேற ஒண்ணு கீதுமா, தேடி எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய். போனின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் இருந்துவிட்டு அந்தப் பழைய படங்கள் எப்போதோ போய்விட்டன. நம் ஆட்களிடம் கேட்டேன். தேடித் தேடி அனுப்பினார்கள். ஒன்றில் உன் உச்சந்தலை, ஒன்றில் உன் முதுகு, ஒன்றில் பிரியாணித் தட்டோடு உன் கை. நீ முகத்தைக் காட்டியது எனக்கு மட்டும்தான். அதைத்தான் நான் அழித்திருந்தேன்.

பேக்கரிக்காரன் கேட்டபிறகு எனக்கு ஒரு நப்பாசை வந்தது. நேராக்கத் தெரிந்த ஆப்புக்குத் திருப்பி வைக்கவும் தெரியாதா? செய்து முடித்தால் அம்மாவிடமும் கொண்டுபோய்க் காட்டலாம். 'ஒரு கண் வெளிப்பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும்' என்று எழுதினேன். எந்தக் கண், இடதா வலதா என்று கேட்டது.

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. எதிரில் உட்கார்ந்தவனுக்கு உன் இடது வலதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடையை, ஸ்டூலை, டீ கிளாஸை எல்லாம் மனதில் கொண்டுவந்து பார்த்தேன். எல்லாம் வந்தது, அந்தக் கண் வரவில்லை. வெட்கத்தை விட்டுக் குழுவில் கேட்டேன். லெஃப்டு என்றான் ஒருவன். ரைட்டு, பந்தயம் கட்டுகிறேன் என்றான் இன்னொருவன். ரெண்டுமே அப்படித்தான் என்றான் பேக்கரிக்காரன். ஒண்ணரை ஒண்ணரை என்று வருடக்கணக்கில் கத்தின வாய்கள், ஒன்றுக்கும் தெரியவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? முப்பது வருடம் உன் எதிரில் உட்கார்ந்தவன் நான். மரியாதை என்று நினைத்துக்கொண்டு, நேராக இருந்த கண்ணை மட்டுமே பார்த்துப் பேசினேன். அந்தக் கண் எது என்றும் இப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆள் வந்தார்கள். இரண்டும் நீ இல்லை. யாரோ உன்னைப் போல் கண்ணை வைத்துக்கொண்டு கிண்டல் பண்ணுகிற மாதிரி இருந்தது. அழித்தேன்.

தெரிந்தவர் இனி ஒருவர்தான். நேற்று மில்லிலிருந்து வரும் வழியில் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும், "போட்டோ கெடச்சிதாபா?" என்று எழுந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்தபின் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"இல்லமா. இனிமே கெடைக்காது. நான்தான் அவன் கண்ண நேராக்கிட்டு, பழச அழிச்சிட்டேன்."

அம்மா சொன்னார்கள். "நேராக்கனது நீதான்னு தெரியும்பா. நீ அந்தப் போட்டோவ காட்டன அன்னிக்கி கட சாத்திட்டு வந்து, சோறு வாணாம்னு படுத்துக்கினான். இன்னாடான்னேன். 'அவன் ஒருத்தன் எதிர்லதாம்மா நான் தல நிமிந்து பேசிக்கினு இருந்தேன். அவனுக்கும் இது உறுத்திக்கினுதான் இருந்திருக்குது'ன்னான்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, "டீ போடட்டாபா?" என்று உள்ளே போனார்கள். நான் கேட்கப் போனதைக் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பேன்? பேக்கரிக்காரனுக்கு, உன் படம் என்னிடம் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

நேற்றிலிருந்து உன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இல்லவே இல்லைடா, எனக்கு ஒருநாளும் உறுத்தவில்லை, சும்மா படம் நன்றாக வரட்டும் என்றுதான் செய்தேன் என்று. சொல்லச் சொல்ல என் காதுக்கே பொய்யாக இருக்கிறது. நீ சொன்னதுதான் சரி. உறுத்தியிருக்கிறது. இல்லாவிட்டால் அந்த வட்டத்தைத் தொடுமுன் ஒரு நொடியாவது யோசித்திருப்பேன். உன் முகம் என்னிடம் இல்லை, இந்த உறுத்தல் மட்டும் இருக்கிறது. அம்மா போட்டுக் கொடுத்த டீயை நான் தலையைக் குனிந்தபடியே குடித்துவிட்டு வந்தேன்.