பதில் கேட்க நில்லாமல் போனவனுக்கு

கல்லடிப் பாலத்தில் இன்று பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது உன் குரலைக் கேட்டேன். சாரதி போட்ட சண்டைப் படப் பாட்டு. வெடி விழுந்தாற்போல மேளம், மூச்சு விடாமல் ஏசும் பெடியனின் ராப், நடுவில் நீ. நீ செத்து ஒரு மாரி கழிந்துவிட்டது. உன் தொண்டை மட்டும் செத்தபாடில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

இந்த மாதிரி ராப்பை நாம் முதலில் கேட்டது புளியந்தீவுத் தேத்தண்ணிக் கடை டிவியில். கதாநாயகன் ஒருவனை அடித்து நொறுக்க, பின்னால் வசை மழை. நீ மேசையில் தட்டிச் சிரித்தாய்.

"மச்சான், இது நம்மட கொம்புமுறி வசைதானே! மேளத்தத்தான் மாத்தியிருக்கானுகள்."

உண்மைதான். அம்மன் கோயில் கொம்புமுறியில் நீ வடசேரி, நான் தென்சேரி. இரண்டு மரக்கொம்புகளைக் கொளுவி இரு பக்கமும் வடம் பிடித்து இழுக்கையில், வசைப் பாட்டில் உன் குள்ளத்தை நான் ஏசுவேன், என் மீசையை நீ ஏசுவாய். ஒரு கொம்பு முறிந்ததும் ஒரே பீடியை மாறி மாறிக் குடிப்போம். ஏசினவன் பதிலைக் கேட்க நிற்கவேண்டும். நமக்கு அது ஒன்றுதான் சட்டம்.

ஒருமுறை என் பெண்சாதி கோபித்துக்கொண்டு மாங்கேணிக்குத் தாய்வீடு போய்விட்டாள். கூட்டிவர எனக்குத் துணையாக வந்தவன் நீ. அவளுடைய தாய் ஆக்கிய மீன்கறியை வழித்துத் தின்றுவிட்டு, அவள் கேட்காமலே சத்தியம் பண்ணினாய்: "பயப்படாத தங்கச்சி, இத நான் ஒருநாளும் வசையில எடுக்கமாட்டன்." எத்தனையோ கொம்புமுறி வந்துபோயின. சொன்ன சொல்லைக் காத்தாய். அவளுக்கு நீ கூடப் பிறக்காத அண்ணன் ஆனாய்.

பிறகு கொழும்பிலிருந்து படத்துக்கு வசை தேடிப் பெடியன்கள் வந்து, உன்னைப் பாடவைத்துப் போனில் பதிந்துகொண்டு போனார்கள். "என்னத்தப் பாடின நீ?" என்று கேட்டேன். "படம் வரட்டும், பாரன்" என்று கண்ணடித்தாய். படம் வருமுன் நீ போய்விட்டாய். நான் ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தேன். டிவியில் அதைப் போட்ட அன்று பெண்சாதியை அடுப்படியிலிருந்து நானே கூப்பிட்டேன். "இஞ்ச வாகா, உன்ட அண்ணன்ட குரலக் கேளு."

"மாங்கேணி போன மனிசிய
மறிக்கேலா மீசக்காரா,
துணைக்கு ஆள் தேடிப் போன
தொடைநடுங்கி நீதானே!"

படத்தில் ஒருவனுடைய பல் உடைந்துகொண்டிருந்தது. அவள் எழும்பினாள்.

"இஞ்சாருங்க, எங்கட அம்மாட கறியத் திண்டுபோட்டுத்தானே அண்டைக்குச் சத்தியம் பண்ணினாரு?"

அவ்வளவுதான். அதன்பிறகு இந்த வீட்டில் அவள் உன் பேரை எடுத்ததில்லை.

தொடைநடுங்கி என்றது எனக்கு நோகவில்லை. அதைவிட மோசமாக ஏசியவன்தானே நீ. எடுக்கமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் பண்ணினதை, முகம் தெரியாத பெடியன்களிடம் கொட்டினாயே, அதுதான் நோகிறது. கொட்டிவிட்டுப் பதில் கேட்க நில்லாமலும் போனாயே.

பதில் இருக்கிறது. பஸ் பாலத்தைக் கடக்குமுன்னே கட்டிவிட்டேன். நாலு வரி. நீ இருந்து கேட்டிருந்தால், குள்ளா, இன்னும் ஒரு சாண் குறைந்திருப்பாய்.

"சொல்லுங்கப்பா, அதையும் எழுதுறன்" என்கிறாள் மகள்.

சொல்லமாட்டேன். போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கும் தரமாட்டேன். முன்னுக்கு நிற்காதவனை ஏசுவது உன் பழக்கம். என்னுடையது அல்ல. நாலு வரியும் என் வாய்க்குள்ளேயே கிடக்கின்றன, வடசேரிப் பக்கம் நீ வந்து நிற்கும்வரை.