உப்பில் நிறுத்திய படம்

தம்பி,

இன்று காலை குசினியில் உப்புப் போத்தலைத் திறந்தேன். மழைக் காற்றுக்கு உப்புக் கசிந்து கட்டியாகிக் கிடந்தது. உன் நினைவு வந்தது. அழவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்தவனைத் திட்டக் கூடாதென்பார்கள். என் கூடப்பிறந்தவனைத் திட்ட நான் யாரைக் கேட்க வேண்டும்?

தீவுக்குச் சாமான் ஒன்றும் வராத யுத்தகாலம் அது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க என் மகன் சீலனை ஊர்காவற்றுறையில் உன் ஸ்ரூடியோவுக்குக் கூட்டிவந்தேன். அவனைக் கதிரையில் இருத்திவிட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி உன் வழக்கமான சரித்திரத்தைத் தொடங்கினாய். ஆதியில் ஒரு பிரான்சுக்காரன் சனம் நிறைந்த தெருவைப் படம் பிடித்தானாம். படம் பதிய நெடுநேரம் எடுத்ததால் நடந்து போனவர் ஒருவரும் அதில் இல்லை. சப்பாத்துத் துடைப்பிக்க நின்றவன் மட்டும் படத்தில் விழுந்தானாம்.

"அசையாதை மருமோன், அசைஞ்சால் காணாமல் போவாய்" என்றாய். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தான். அசையவேயில்லை, தம்பி.

வெளிச்சம் பட்டுப் படம் மேலும் கறுக்காமல் நிறுத்துகிற மருந்து அன்று உன்னிடம் இல்லை. இல்லையென்று சொல்லி எங்களை அனுப்பியிருக்கலாம். நீதான் பெரிய விண்ணனாச்சே!

"அந்த மருந்து தெரியிறதுக்கு முதல் வெள்ளைக்காரனும் உப்புத்தண்ணியிலதான் படத்தை நிப்பாட்டினவன் அக்கா. எங்களுக்கு உப்புக்கோ பஞ்சம்?" என்று வாளியில் உப்பைக் கரைத்தாய். நெகற்றிவுக்கும் அதே உப்புத்தான்.

அட்டை கைக்கு வருமுன்பே ஆமிக்காரர் சீலனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றப் படங்களெல்லாம் வீட்டோடு எரிந்துபோயின. மிஞ்சிய அந்த ஒன்றையும் கொண்டு உன்னிடம் ஓடிவந்தேன். ஓரம் மண்ணிறமாகியிருந்தது. நீ அதை வாங்கி உடனே நிழலுக்குள் கொண்டுபோனாய்.

"அக்கா, இதை வெளியில எடுக்காதை. உப்பு அரைகுறையாத்தான் நிப்பாட்டும். உப்பும் தெரியிறதுக்கு முதல் படம் செய்தவங்கள் தங்கடை படத்தை மெழுகுதிரி வெளிச்சத்திலதான் பாத்தவங்கள். வெயில் பட்டால் கறுத்துப்போம்."

"காட்டாமல் எப்பிடியடா பிள்ளையைத் தேடுறது?"

இன்னொரு பிரதி போட நெகற்றிவைக் கேட்டேன். அது ஏற்கெனவே கறுத்துவிட்டதென்றாய்.

ஆமி முகாம் வாசலிலும் அரசாங்க அதிபரின் கச்சேரி வாசலிலும் உச்சி வெயிலில் அதைத் தூக்கிப் பிடித்தேன். முதலில் கழுத்துப் போனது, பிறகு வாய். யாழ்ப்பாணத்தில் பிரதி எடுக்கக் கொடுத்தபோது, "இதில கண்ணே இல்லையே அம்மா" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

போன மாதம் உன் செத்தவீட்டில், கனடாவிலிருந்து உன் மகள் செய்வித்த கலர்ப்படத்தைப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தார்கள். பல்லெல்லாம் மின்ன நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை மன்னிக்க எனக்கு ஏலாது. உனக்கும் அது தெரியும்.

நேற்றும் காணாமல் போனவர்களின் தாய்மாரோடு வரிசையில் நின்றேன். பெயர்களைப் பதிய வந்த பெட்டை நல்ல பிள்ளை. என் கையில் முழுக்கக் கறுத்துப்போயிருந்த படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, படத்தை மாறிப் பிடிச்சிருக்கிறியள். மற்றப் பக்கம் திருப்புங்கோ."

திருப்பினேன். பின்பக்கத்தில் உன் ஸ்ரூடியோ முத்திரை, உன் பெயரோடு, குத்திய அன்று போலவே இருந்தது. ஓமடா தம்பி, அதைத்தான் நான் இன்னமும் கொண்டு திரிகிறேன்.